கழுவாய் உள்ள பாவம்

புறநானூற்றின் 34-ஆம் பாட்டை இளங்கலை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் நமது குரல் சற்றே தயங்கும். ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய பாட்டு அது. பசுவின் மடியை அறுத்தவர்க்கும், மகளிரின் கருவைச் சிதைத்தவர்க்கும், அடுத்துச் சொல்லப்படும் இன்னொரு கொடியவர்க்கும் (அந்த மூன்றாமவர் யாருக்குத் தீங்கிழைத்தவர் என்பதில் பாடபேதம் உண்டு, அந்தச் சண்டைக்குள் இப்போது நுழைய வேண்டாம்) அப்பாவத்தினின்று நீங்க வழியுண்டு, நன்றி மறந்தவர்க்கு மட்டும் அந்த வழி இல்லை என்பது அதன் சாரம். 'கருக்கலைப்பு மாபெரும் பாவம் எனச் சங்க காலத்திலேயே கருதப்பட்டது' என்று தேர்வுத்தாளில் மாணவர்கள் ஆண்டு தவறாமல் எழுதுகிறார்கள். நாமும் ஆண்டு தவறாமல் மதிப்பெண் இடுகிறோம்.

ஆயினும் பாட்டைக் கூர்ந்து படிப்பவர்க்கு வேறு சில செய்திகள் புலப்படும். பாவம் அங்கே சிதைத்தவர் மேல் ஏற்றப்படுகிறது, கரு மகளிருடையது. அடுத்ததாக, அது கழுவாய் உள்ள பாவங்களின் வரிசையில் வைக்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புலவர் அங்கே பேசவந்த பொருள் கருவே அன்று. தன்னைப் புரந்த வேந்தனிடம் தனக்குள்ள நன்றியை நிறுத்துக் காட்ட அவருக்கு எடைக்கற்கள் தேவைப்பட்டன. அரசியல் தராசில் பெண்ணின் கருவை எடைக்கல்லாக வைக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது போலும்.

2022-ஆம் ஆண்டு சூன் 24 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம், 1973-இல் தான் வழங்கிய ரோ தீர்ப்பைத் தானே தள்ளியபோது, இந்தப் பேச்சு நமது ஆசிரியர் ஓய்வறைக்கும் வந்துசேர்ந்தது. அங்குள்ள அரசியல்வாதிகளின் இரட்டை வேடத்தைப் பற்றி வரலாற்றுத் துறை நண்பர் சுவைபடச் சொன்னார். டென்னசி மாநிலத்தின் ஸ்காட் டெஸ்ஜார்லே ஒரு மருத்துவர். கருக்கலைப்பை எதிர்க்கும் நாடாளுமன்ற உறுப்பினர். தம்மோடு உறவு கொண்டிருந்த, தம்மிடமே மருத்துவம் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணைக் கருவைக் கலைக்குமாறு அவர் வற்புறுத்திய தொலைபேசி உரையாடல் 2012-இல் வெளிவந்தது. முன்னாள் மனைவியின் இரு கருக்கலைப்புகளுக்கு அவர் உடன்பட்டிருந்ததும் விவாகரத்து வழக்கின் ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. வாக்காளர்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். பென்சில்வேனியாவின் டிம் மர்ஃபிக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 20 வாரத்திற்கு மேற்பட்ட கருக்கலைப்பைத் தடைசெய்யும் மசோதாவை ஆதரித்த அதே 2017-இல், தம் காதலி கருவுற்றதாக எண்ணியபோது கலைக்கச் சொன்னார் என்ற செய்தி வெளியாகிப் பதவி விலகினார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் நண்பர் அதே மூச்சில் நியூயார்க் ஆளுநராயிருந்த மேரியோ க்யூமோவையும் இந்தப் பட்டியலில் சேர்த்தபோது நமக்கு உடன்பாடில்லை. கத்தோலிக்கரான க்யூமோ, 1984 செப்டம்பரில் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். திருச்சபையின் போதனையைத் தம் வாழ்வுக்கு ஏற்றுக்கொள்வதாகவும், பல்சமயத்தார் வாழும் நாட்டில் அதனைச் சட்டமாக்கி எல்லோர் மீதும் சுமத்தத் தமக்குக் கடமையில்லை என்றும் அதில் வாதிட்டார். இதனைக் கோழைத்தனம் என்றவர் உண்டு. வாக்குக் கணக்கு என்றவரும் உண்டு. இரண்டிலும் சிறிது உண்மை இருக்கலாம். எனினும் தன் நோன்பைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்பவனும், ஊரைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் அடுக்களையில் உண்பவனும் ஒருவர் ஆகார். முன்னவரிடம் இருப்பது இரண்டு நிலைகள். பின்னவரிடம் இருப்பது இரண்டு அளவுகோல்கள். இந்த வேறுபாட்டைச் சொன்னவுடன் நண்பர், "தமிழ் வாத்தியார்கள்கிட்ட பேசினா இதுதான் வம்பு, வார்த்தையைப் பிடிச்சுக்குவீங்க" என்றார். பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் நாட்டுக் கதை இதனினும் விந்தையானது. காந்தியடிகளைக் காண மார்கரெட் சாங்கர் அம்மையார் 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்தார். கருத்தடைச் சாதனங்களுக்கு அடிகளின் இசைவைப் பெற்றுவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அடிகளோ புலனடக்கம் ஒன்றே வழி என்று நின்றார். கருக்கலைப்பைக் குற்றம் என்றே கருதினார். அவர் தம்பொருட்டும் அப்படித்தான் வாழ்ந்தார் என்பதால் அவர்மீது இரட்டை வேடம் என்ற பழியைச் சுமத்த இயலாது. சிக்கல் அவருடைய மாணவியிடம் தொடங்குகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்திய நெறியில் ஊறியவர். செயற்கைக் கருத்தடையை ஏற்காதவர். அரசோ குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக ஏற்கும் நிலையில் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக ஆபிரகாம் ஸ்டோன் என்ற மருத்துவர் 1951-இல் வரவழைக்கப்பட்டார். மாதவிலக்குச் சுழற்சியின் நாட்களைக் கணக்கிட்டு விலகியிருக்கும் முறையைக் கற்பிக்கச் சோதனைத் திட்டங்கள் தொடங்கின. ஒன்று தில்லி லோதி காலனியில். மற்றொன்று மைசூர் மாநிலத்து ராமநகரத்தில். (நம் மாவட்டத்து மக்கள் கட்டட வேலைக்குப் போகும் பெங்களூருக்கு அருகேயுள்ள அதே ராமநகரந்தான்.) பெண்களுக்கு நிறம் பிரித்துக் கோத்த மணிமாலைகள் வழங்கப்பட்டன. எந்த மணிக்கு எந்த நாள் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். திட்டம் பலன் தரவில்லை. ஓர் அமைச்சரின் மனச்சாட்சி தூய்மையாக இருந்தது. அதற்கான விலையைக் கணவனிடம் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் இல்லாத பெண்கள் கொடுத்தார்கள். நாணயமான நம்பிக்கையும் கொள்கையாகும்போது கொடியதாகக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு முன்னரே தமிழ்நாட்டில் வேறொரு குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதிவந்தார். சென்னையில் 1928-இல் தோன்றிய நியோ மால்தூசியன் கழகத்துக் கனவான்களும் கர்ப்பத்தடை பேசினார்கள். அவர்கள் பேசியது நாட்டின் வறுமைக்காகவும் மக்கள்தொகைக்காகவும். பெரியார், மற்றவர்கள் சொல்லும் அந்தக் காரணங்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். இந்த ஒரு வேறுபாட்டை நம் மாணவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று நினைக்கிறோம். ஏனெனில் பின்னாளில் சட்டம் செய்தவர்கள் கனவான்களின் வழியில் போனார்கள். பெரியாரின் படத்தை மட்டும் மேடையில் மாட்டிக்கொண்டார்கள்.

1964-இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு தன் அறிக்கையை 1966-இல் அளித்தது. மக்கள்தொகையைக் குறைக்கும் கருவியாகக் கருக்கலைப்பைப் பார்க்கலாகாது என்றே அக்குழு எண்ணியது. அதன்பின் மத்தியில் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் கவனித்த அமைச்சர் எஸ். சந்திரசேகர் ஒரு மக்கள்தொகையியல் அறிஞர், சென்னையில் படித்தவர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். சட்டம் 1971-இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கப் பெண்களுக்கு ரோ தீர்ப்பு கிடைப்பதற்கு முன்பே இந்தியப் பெண்களுக்கு இச்சட்டம் கிடைத்துவிட்டது என்று பெருமை பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நமது சட்டம் பெண்ணுக்கு உரிமை எதையும் தரவில்லை. கருவைக் கலைப்பது தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவின்படி குற்றமாகவே நீடித்தது; 2024 சூலை முதல் புதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவின்படியும் குற்றந்தான்; தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதற்குள் அடக்கம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததெல்லாம் உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் செய்யும் மருத்துவருக்கு அந்தக் குற்றத்திலிருந்து விலக்கு அளித்ததுதான். கருத்தடைச் சாதனம் பயனற்றுப்போவதும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. 'திருமணமான பெண்ணோ அவள் கணவனோ' பயன்படுத்திய சாதனம் என்று சட்டம் வரையறுத்தது. குழந்தைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்காக என்றும் அதே வாக்கியம் சொன்னது. குழு வாசல் வழியே வெளியே அனுப்பிய மக்கள்தொகைக் கணக்கு சன்னல் வழியே உள்ளே வந்து அமர்ந்துகொண்டது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது தருமபுரி. 2004-இல் அதனின்று கிருஷ்ணகிரி பிரிந்தது. அதியமானின் தகடூர் என்று நாம் மேடைதோறும் சொல்லிக்கொள்ளும் இதே மண், பெண் சிசுக்கொலைக்காகவும் நாடெங்கும் பேசப்பட்டது. 1980-களில் உசிலம்பட்டியின் பெயர் ஏடுகளில் அடிபட்டது. 1994-இல் 'கருத்தம்மா' படம் வந்தது. ஆனால் கள்ளிப்பாலும் நெல்மணியும் மதுரைப் பக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பது இங்குள்ள வயதான மருத்துவச்சிகளுக்குத் தெரியும். முதலமைச்சர் ஜெயலலிதா 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கினார். 2001-இல் அது தருமபுரிக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண் குழந்தைகள் இருந்தபோது, சேலத்திலும் தருமபுரியிலும் அந்த எண் 900-ஐக்கூட எட்டவில்லை. தொட்டில்கள் வந்தபின் கொலை குறைந்தது என்பதை மறுக்கவில்லை. கொலை குறைந்த இடத்தில் ஸ்கேன் நுழைந்தது என்பதையும் மறுக்க முடியாது. கருவின் பாலறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 1996 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் கையடக்கக் கருவியுடன் வீடுகளில் வைத்துப் பாலறிந்து சொல்லும் கும்பல்கள் இம்மாவட்டத்தில் அண்மைக் காலம்வரை பிடிபட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தேசியப் பெண் குழந்தைகள் தினம் சனவரி 24 அன்று வரும். ஓராண்டு நமது கல்லூரி விழாவுக்கு மாவட்டத்துப் பிரமுகர் ஒருவர் தலைமை தாங்கினார். கட்சியைச் சொல்லப்போவதில்லை, எந்தக் கட்சியின் பெயரை இட்டாலும் வாக்கியம் பொருந்தும். கருவிலேயே பெண்ணை அழிப்போர் பிரம்மஹத்தி தோஷத்துக்கு ஆளாவர் என்று அரை மணிநேரம் முழங்கினார். பகுத்தறிவு, மகாலட்சுமி, கல்பனா சாவ்லா எல்லாம் ஒரே உரையில் வந்துபோயின. விழா முடிந்து முதல்வர் அறையில் தேநீர். யாரோ பேரப்பிள்ளைகளை விசாரித்தார்கள். "மூத்தது பொண்ணுங்க. நடுவுல ரெண்டு தங்கல. அப்புறம்தான் பேரன்" என்றார் பெரியவர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. அந்த 'ரெண்டு' ஏன் தங்கவில்லை என்பது நமக்குத் தெரியாது; இயற்கையாகவும் இருக்கலாம். ஆனால் அறையில் இருந்த ஒருவர்கூட இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

'தங்கல' என்ற அந்தச் சொல் நம்மை நெடுநாள் விடவில்லை. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறுபாடு காட்ட ஒற்றை மெய் போதும். கலைந்தது, கலைத்தாள். இந்த இலக்கணத்தைச் சமூகம் எப்படிப் பயன்படுத்துகிறது என்று கவனித்தால் திகைப்பாக இருக்கிறது. வசதியுள்ள வீட்டு மருமகளுக்கு அது 'கலைஞ்சிடுச்சு', 'தங்கல', 'நிக்கல'. வினை தானே நடந்துவிடும், செய்தவர் எவருமில்லை. கூலிக்காரியின் மகளுக்கு, மணமாகாதவளுக்கு, கணவன் வெளியூரில் இருப்பவளுக்கு அது 'கலைச்சுட்டா'. வினைக்கு உடனே எழுவாய் கிடைத்துவிடும். அந்த எழுவாய் பெண்பாலாக மட்டுமே இருக்கும். அமெரிக்க உறுப்பினரின் தொலைபேசி உரையாடல் வெளிவந்ததால் அவர் அகப்பட்டார். நம்மவர்கள் மேடையில் கருக்கலைப்பைப் பற்றித் தம் சொந்த நம்பிக்கையைச் சொல்வதே இல்லை. சொன்னால்தானே முரண்பாடு? நமக்கு இரட்டை வேடம் போட இரண்டு நாக்குகள் தேவைப்படுவதில்லை. மெல்லினமும் வல்லினமும் போதும்.

மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி. (அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றிச் சொல்கிறோம்.) முதலாண்டு முடிந்ததும் திருமணம், கைக்குழந்தைக்கு எட்டு மாதம், கணவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ஒருநாள் வகுப்பு முடிந்தபின் நின்றாள். "மேடம், மறுபடியும் நாள் தள்ளிப்போயிடுச்சு. ஏழு வாரம்னு சொன்னாங்க. எனக்கு டிகிரி முடிக்கணும் மேடம்" என்றாள். மருத்துவமனைக்குத் தனியாகவே போயிருக்கிறாள். கணவனின் கையொப்பம் இல்லாமல் முடியாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கூடவே, செய்தால் காப்பர்-டி வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை. வெளியே மாட்டியிருந்த பலகையைப் பார்த்துவிட்டு, "கலைக்கிறதே சட்டப்படி குத்தம்னு போட்டிருக்காங்களே, அப்ப நான் ஜெயிலுக்குப் போவேனா?" என்று கேட்டாள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என அறிவது குற்றம் என்ற பலகை அது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும் சுவரொட்டிகளையும் மேடைப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவளுக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? பால் தேர்வுக்கு எதிரான பரப்புரை தேவைதான்; அதை ஐயுறவில்லை. ஆனால் அது 'கருக்கலைப்பே கொலை' என்று சுருங்கிப்போகும்போது, சட்டம் அனுமதித்த காரணத்தோடு வருபவளும் மருத்துவமனை வாசலில் குற்றவாளிபோல நிற்கிறாள்.

சட்டம் சொல்வது எளியது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளது ஒப்புதல் ஒன்றே போதும்; கணவனும் வேண்டாம், தந்தையும் வேண்டாம். இருபது வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். காப்பர்-டி நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவள் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு சொன்னது இது: "மாமியார்கிட்ட சொன்னேன் மேடம். 'பாவத்தைச் சேத்துக்காத'ன்னாங்க. அப்புறம் ராத்திரி வந்து, 'இன்னும் ரெண்டு மாசம் போகட்டும், ஒரு எடத்துல பாத்துச் சொல்றாங்களாம், பொட்டப்புள்ளயா இருந்தா அப்பப் பாத்துக்கலாம்'னாங்க."

அந்த அம்மையாரை இரட்டை வேடக்காரர் என்று எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. படிப்பில்லாதவர், தம் மாமியாரிடம் கற்றதை மருமகளிடம் சொல்கிறார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது நமது அரசின் கொள்கையே என்று தோன்றியது. கலைப்பது பாவம், நீ கேட்டால். கலைப்பது பாவமில்லை, குடும்பத்துக்கு வேண்டுமானால். 'குடும்பம்' என்ற இடத்தில் 'நாடு' என்று எழுதிப் பாருங்கள்.

அவள் என்ன முடிவெடுத்தாள் என்று நாம் கேட்கவில்லை. பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை, பின்னர் வந்தாள், பருவத் தேர்வு எழுதினாள்.

1971-ஆம் ஆண்டுச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 'கணவன்' போய் 'இணையர்' வந்தார். சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை காலம் நீட்டப்பட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம், மணமாகாத பெண்களையும் அந்த வகையிலிருந்து விலக்கலாகாது என்றது. கணவனின் வன்புணர்வால் கருவுற்றவளுக்கும், இந்தச் சட்டத்தின் அளவில், வன்புணர்வுக்கு ஆளானவள் என்ற தகுதி உண்டு என்றும் சொன்னது. பதினெட்டு வயது நிரம்பாத பெண் வந்தால், அவளோ காப்பாளரோ வேண்டிக்கொள்ளும்போது, மருத்துவர் காவல்துறைக்கு அளிக்கும் தகவலில் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் விளக்கியது. குழந்தைத் திருமணங்கள் இன்றும் நடக்கும் நம் மாவட்டத்துக்கு இந்த விளக்கம் எவ்வளவு தேவையானது என்பதை இங்கே ஆசிரியராக இருப்பவர்கள் அறிவர். ஆனால் அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட நியாய சன்ஹிதா, வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் செய்வது வன்புணர்வாகாது என்ற பழைய விதிவிலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. 2024 அக்டோபரில் மத்திய அரசு அந்த விதிவிலக்கைக் காத்து உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தது. கருவைக் கலைக்கும் மேசையில் அது வன்புணர்வு. அதே செயல் நீதிமன்றக் கூண்டில் இல்லறம். இடையில் 2023 அக்டோபர் 16 அன்று, இரு குழந்தைகளுக்குத் தாயான, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனநோயால் துன்புற்ற ஒரு பெண்ணின் 26 வாரக் கருவைக் கலைக்க அதே உச்சநீதிமன்றம் மறுத்தது. அவ்வழக்கில் முதலில் அனுமதி கிடைத்து, பின் நிறுத்தப்பட்டு, இரு நீதிபதிகள் மாறுபட்ட கருத்துச் சொல்லி, கடைசியில் மூவர் அமர்வு மறுத்தது. ஒரே வாரத்துக்குள் ஒரு பெண்ணின் வயிறு இத்தனை அறைகளைக் கடந்தது. கருவின் வளர்ச்சி ஒரு கட்டத்தைத் தாண்டியபின் நீதிபதிகள் தயங்குவதில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். நமக்கே அங்கே தெளிவில்லை. தெளிவின்மையை ஒப்புக்கொண்டு தயங்குபவரோடு நாம் பேச முடியும்.

2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று ஆய்வாளர்கள் 2018-இல் 'லான்செட்' குழுமத்து இதழ் ஒன்றில் மதிப்பிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பான்மை மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரைகளால் நடந்தவை. இத்தனை கோடி வீடுகளுக்குள் நிகழும் ஒன்றைப் பற்றி எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் ஒரு வரி பார்த்த நினைவு நமக்கில்லை.

கருவைப் பற்றி மேடைகள் பேசத் தொடங்கியது வேறொரு காரணத்துக்காக. 1976-இல் நெருக்கடி நிலையின்போது செய்த 42-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாகச் செய்த மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழந்துவிடலாகாது என்பது நோக்கம். பின்னர் அந்தத் தடை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 2020-இல் 1.4. தொகுதிகள் குறையுமோ என்ற அச்சம் நியாயமானது. அதில் நமக்கும் கவலை உண்டு. ஆனால் 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதலாகப் பிள்ளை பெறச் சொன்னார். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற விதியையும் அம்மாநிலம் நீக்கியது. அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சராயிருந்த மு.க. ஸ்டாலின், பதினாறு பெற்றால் என்ன என்று நினைக்கும் நிலை வந்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொன்னார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், முன்பெல்லாம் மணமக்களிடம் பொறுமையாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வோம், இப்போது உடனே பெறுங்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது என்றார். அரங்கம் கைதட்டியது. சிவப்பு முக்கோணம் வரைந்த சுவர்களுக்கு வெள்ளையடிக்கவும் காலம் வந்துவிட்டது. பெரியார் ஒதுக்கிவைத்த காரணம், கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறியாகவோ கழித்தலுக்குப் பதில் கூட்டலாகவோ, அவர் பெயரைச் சொல்வோராலேயே ஆளப்படுவதைப் பார்க்கிறோம்.

அந்த நாகப்பட்டினப் பேச்சு நாளேட்டில் வந்த காலையில் ஓய்வறையில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்பது எத்தனையாகக் குறையும், உத்தரப்பிரதேசத்துக்கு எத்தனை கூடும் என்று அரசியல் அறிவியல் நண்பர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். தேநீர்க் குவளைகளை எடுக்க வந்த அலுவலக உதவியாளர் அம்மா நின்று கேட்டார். அவருக்கு இரண்டும் பெண். 1992-இல் அறிவித்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் குழந்தைகளின் பெயரில் அரசு பணம் போட வேண்டுமானால் ஆண் குழந்தை இருக்கக்கூடாது. பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்திருக்க வேண்டும். அந்த 'ஒருவர்' யாராக இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இருபத்து நான்கு வயதில் செய்துகொண்டவர் அவர். கையெழுத்துப் போடத் தெரியாததால் கட்டைவிரல் வைத்ததாக முன்பொருமுறை சொல்லியிருக்கிறார். மூத்தவளுக்குப் பதினெட்டு நிரம்பியபோது அந்தப் பணம் கல்லூரிக் கட்டணமாயிற்று.

"இப்ப நெறையப் பெத்துக்கச் சொல்றாங்களா சார்?" என்றார்.

"ஆமாம்மா, பேப்பர்ல போட்டிருக்கு பாருங்க."

குவளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி, "அப்ப எனக்குக் கட்டினதை வந்து அவுத்துவிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.